கரண்ட் வைத்தால் உடம்பு கருகிவிடுமா?

"கேன்சராம்... கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்களாம்!"

ஒரு வீட்டுக்குள் இந்த இரண்டு செய்தியும் ஒரே நாளில் நுழையும்போது, முதல் செய்தியைவிட இரண்டாவதற்கு அதிகம் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆபரேஷன் என்றால் புரிகிறது. கட்டியை வெட்டி எடுக்கிறார்கள். மருந்து என்றாலும் புரிகிறது, பாட்டிலில் ஏற்றுகிறார்கள். இந்தக் கரண்ட் மட்டும் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. போதாக்குறைக்கு, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் வேறு ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போவார்கள்.

"எங்க ஒண்ணுவிட்ட பெரியப்பாவுக்கும் வெச்சாங்க. கழுத்தெல்லாம் கறுத்துப் போச்சு. சோறு தண்ணி இறங்கலை. போதும்டா சாமின்னு பாதியிலேயே கூட்டிட்டு வந்துட்டோம்."

கழுத்து கறுத்தது உண்மையாக இருக்கலாம். சாப்பாடு இறங்காமல் போனதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெரியவருக்கு நடந்த பெரிய கெடுதல் அந்த இரண்டும் இல்லை. பாதியில் கூட்டிக்கொண்டு வந்தார்களே, அதுதான்! ஏன் என்று விளக்கமாகப் பார்ப்போம். நம் ஊரில் புகையிலை, வெற்றிலைப் பாக்கு, சிகரெட் பழக்கத்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் அதிகம். அதற்குத்தான் கதிர்வீச்சு சிகிச்சை கடுமையாகவும் இருக்கும். அதனால் அதையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அது கரண்டே இல்லை!

'கரண்ட்' என்பது மக்கள் வைத்த பெயர். நோயாளியின் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. ஷாக் அடிக்காது, சுடாது, வலிக்காது. நெஞ்சில் சளி என்றால் எக்ஸ்-ரே எடுக்கிறோமே, அதே ஜாதிக் கதிர்தான். அதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது, அவ்வளவுதான்.

1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். மூன்று வருஷம் கழித்து, 1898-ல் மேரி க்யூரியும் அவர் கணவர் பியரும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் கதிர்கள் கட்டிகளைக் கரைக்கும் என்பது சீக்கிரமே டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது. நம் சென்னையில், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு, அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் மெஷின் வந்து சேர்ந்தது.

கோபால்ட் மெஷினில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளே கதிரைத் தரும். இப்போது பல ஆஸ்பத்திரிகளில் இருக்கும் 'லீனியர் ஆக்ஸிலரேட்டர்' மெஷினில் எலெக்ட்ரான்களை அசுர வேகத்தில் ஓடவிட்டு, ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோத வைத்துக் கதிரை உண்டாக்குகிறார்கள். ஸ்விட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும்.

இந்தக் கதிர் செல்லுக்குள் புகுந்து, செல் பெருகுவதற்கான குறிப்பெல்லாம் எழுதியிருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. நல்ல செல்களின் இழையும் அறுபடத்தான் செய்யும். ஆனால் நல்ல செல்லுக்கு அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொள்ளும் திறமை அதிகம். சில மணி நேரத்தில் பெரும்பகுதியைச் சரிசெய்துகொண்டுவிடும். கேன்சர் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. சிகிச்சையின் சூட்சுமமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஏன் இத்தனை நாள்?

"ஒரே நாளில் மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடக் கூடாதா? தினமும் திருவள்ளூரில் இருந்து பஸ் ஏறி வரணுமே!" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆரம்ப காலத்தில் மொத்தமாகத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டியோடு தோலும் சதையும் சேர்ந்து வெந்து போயிற்று. 1920-களில் பாரிஸில் ரெகோ, கூட்டார் என்ற டாக்டர்கள், அதே கதிரைச் சிறு சிறு பங்காகப் பிரித்துப் பல நாள் கொடுத்தால் கட்டி கரைகிறது, சுற்றியுள்ள சதை பிழைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். இன்றுவரை உலகம் முழுக்க இதுதான் அடிப்படை.

கதிரை அளக்கும் அலகுக்கு 'கிரே' என்று பெயர். வாய், தொண்டைப் புற்றுநோயைக் கரண்ட் மூலமே குணப்படுத்துவதென்றால், பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஏறக்குறைய 7 வாரத்தில் மொத்தம் 70 கிரே. அதாவது 35 நாள் சிகிச்சை. ஆபரேஷன் முடிந்த பிறகு கொடுப்பது என்றால் சற்றுக் குறையும்.

எல்லாருக்கும் இதே கணக்கு என்று நினைக்கவேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்குப் பின் 15 நாள், சிலருக்கு 5 நாளிலேயே முடிகிறது. எலும்பில் பரவிய நோயின் வலியைக் குறைக்க ஒரே ஒரு நாள், 8 கிரே கொடுத்து அனுப்புவதும் உண்டு. அதனால், "பக்கத்து பெட் அம்மாவுக்கு 15 நாள்தானே, இவருக்கு ஏன் 35?" என்று கவலைப்படத் தேவையில்லை.

ஆரம்பிக்கும் முன்...

பல் டாக்டரைப் பார்த்தீர்களா? வாய், கழுத்துப் பகுதியில் கரண்ட் என்றால் இதுதான் முதல் வேலை. சொத்தைப் பல், ஆடும் பல் இருந்தால் முன்கூட்டியே பிடுங்கி, அந்தப் புண் ஆற இரண்டு வாரம் போலக் கொடுக்கவேண்டும். காரணம் இருக்கிறது. கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அரித்துப் போகலாம். சிகிச்சை முடிந்து பத்து வருஷம் ஆனாலும் பல் டாக்டரிடம், "எனக்குக் கரண்ட் வெச்சிருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும்.

அடுத்து, ஸ்கேன் எடுத்து அளவெடுப்பார்கள். முகத்துக்குக் கச்சிதமாக ஒரு பிளாஸ்டிக் வலை முகமூடி செய்வார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், மூச்சு முட்டாது. தினமும் தலை ஒரு நூல்கூட நகராமல் அதே இடத்தில் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மார்பு, வயிற்றுப் பகுதி என்றால் தோலில் மையால் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அழிந்துவிட்டால் நீங்களே பேனாவால் வரையவும் வேண்டாம்!

கழுத்தில் சிகிச்சை என்றால் செயின், தாலிச் சங்கிலி எதுவும் அங்கே இருக்கக்கூடாது. முகமூடி பொருந்தாது, புண்ணான தோலில் உரசும். "தாலியைக் கழற்றுவதா?" என்று பல பெண்கள் கலங்குகிறார்கள். மஞ்சள் கயிறும் அதே மாதிரிதான் உரசும். தாலியைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வையுங்கள்; சிகிச்சை முடிந்து தோல் ஆறியதும் போட்டுக்கொள்ளலாம். இதை வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல்.

சிகரெட், புகையிலை, பாக்கு அன்றோடு நிற்கவேண்டும். கதிர் நன்றாக வேலை செய்ய, கட்டிக்குள் ஆக்ஸிஜன் போய்ச் சேரவேண்டும். புகை அதைக் கெடுக்கும். ரத்தசோகை இருந்தாலும் இதே கதைதான். அதனால்தான் டாக்டர்கள் ஹீமோகுளோபின் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள்.

மூன்றாவது வாரம்தான் பரீட்சை

முதல் வாரம் ஒன்றுமே தெரியாது. பத்து, பதினைந்து நிமிஷம் படுத்திருந்துவிட்டு எழுந்து வருவார். "இதுக்கா இவ்வளவு பயந்தோம்?" என்பார்.

இரண்டாவது வாரம் நாக்கில் ருசி மாறும். சாம்பார் மண் மாதிரி இருக்கும். எச்சில் கெட்டியாகி வாய் உலரும். இரண்டு, மூன்றாவது வாரங்களில் வாய்க்குள் சிவந்து புண் வரத் தொடங்கும். தோல் முதலில் சிவந்து, பிறகு கறுக்கும், சிலருக்கு உரியும். நான்காவது, ஐந்தாவது வாரங்களில் விழுங்குவதே பெரிய வேலையாகிவிடும். அசதி ஆளைத் தள்ளும்.

இது சிகிச்சை தவறாகப் போவதன் அடையாளம் அல்ல. வாயின் உள்தோலும் வேகமாகப் பெருகும் செல்களால் ஆனது. கேன்சர் செல்லைத் தாக்கும் கதிர் அதையும் கொஞ்சம் தாக்குகிறது. சிகிச்சை முடிந்ததும் புதுத் தோல் வளர்ந்து புண் ஆறிவிடும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் புண் அதிகமாகவே இருக்கும். அதற்குப் பின்தான் ஆறத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றரை மாதம் போல ஆகும். இது தெரியாமல், "முடிஞ்ச பிறகும் ஏன் ஜாஸ்தியாகுது?" என்று கலங்கவேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாய்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகும், இடையிடையேயும், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கொப்பளித்துத் துப்பவேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம்; எரியும். பல் தேய்க்கக் குழந்தைகள் பிரஷ் போல மெதுவானது போதும்.

வலி: "வலி மாத்திரை சாப்பிட்டால் பழகிவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். வலி இருந்தால் சாப்பிட முடியாது. சாப்பாட்டுக்கு முன் போட டாக்டர் மருந்து தருவார். அது போதவில்லை என்றால் மறுநாளே சொல்லுங்கள்.

தோல்: மஞ்சள், சந்தனம், விபூதி, பவுடர், பச்சிலை எதுவும் பூசவேண்டாம். எண்ணெய் தேய்த்து உருவவேண்டாம். வெந்நீர் ஒத்தடமும் கூடாது, ஐஸும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பழைய பருத்தித் துணி உடுத்துவது நல்லது. வெயில் படக்கூடாது. அந்த இடத்தில் பிளேடால் சவரம் செய்யக்கூடாது.

சாப்பாடு: காரம், புளிப்பு, ஊறுகாய், முறுக்கு, கொதிக்கக் கொதிக்கக் காபி... எல்லாவற்றுக்கும் கொஞ்ச நாள் லீவு. குழைய வடித்த சாதத்தில் பருப்பும் நெய்யும், பாலில் ஊறவைத்த இட்லி, ராகிக் கூழ், சத்துமாவுக் கஞ்சி, மசித்த வாழைப்பழம், நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, தயிர். மூன்று வேளை என்று வைத்துக்கொள்ளாமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எடை குறைந்தால் பலவீனம் மட்டும் அல்ல. முகம் வற்றி, கச்சிதமாகச் செய்த முகமூடி தொளதொளவென்று ஆகி, மறுபடியும் அளவெடுக்க வேண்டிவரும்.

சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் இறங்காது. அப்போது மூக்கு வழியாக ஒரு ட்யூப் போடுவார்கள். "ட்யூப் போட்டாச்சா? அவ்வளவுதான்!" என்று உறவினர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பு. ட்யூப் என்பது நோய் முற்றியதற்கு அடையாளம் இல்லை. வாய் ஆறும்வரை சாப்பாடு போக ஒரு மாற்றுப் பாதை. ஆறியதும் எடுத்துவிடுவார்கள்.

பாதியில் நிறுத்தினால் என்ன?

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பெரியவரிடம் இப்போது வருவோம். 18 நாள், 20 நாள் ஆனதும் வீட்டில் பேச்சு எழும். "உடம்பு தேறட்டும், ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு மிச்சத்தை வெச்சுக்கலாம்." கட்டியும் கண்ணுக்குச் சிறுத்திருக்கும். ஆகவே தைரியமும் வந்துவிடும்.

ஆனால் நடப்பது இதுதான். சிகிச்சை தொடங்கி சுமார் நான்கு வாரம் ஆகும்போது, மிச்சமிருக்கும் கேன்சர் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அந்தச் சமயத்தில் நாம் ஒதுங்கினால் அவற்றுக்குக் கொண்டாட்டம்! வாய், தொண்டைப் புற்றுநோயில், சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் அடங்கும் வாய்ப்பு சுமார் 1 சதவிகிதம் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஒரு நாள் என்றால் அற்பம். ஒரு மாதம் என்றால்? விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாமல், மொத்தத்தையும் மறுபடி கொடுக்கவும் முடியாமல் டாக்டர் கையைப் பிசைய வேண்டியதுதான். ஒரு இடத்தின் நல்ல சதை தாங்கும் கதிருக்கு ஒரு எல்லை உண்டு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் இதே நியாயம்தான். வெளியிலிருந்து ஐந்து வாரம் கரண்ட், அதோடு வாரம் ஒரு மருந்து, பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கும் உள் கதிர்வீச்சு... எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடியவேண்டும். "வெளிக் கரண்ட் முடிஞ்சுது, ரத்தப்போக்கு நின்னுடுச்சு, எதுக்கு உள்ளே வேற?" என்று ஊருக்குப் போய்விடக்கூடாது. குணமாவதில் அந்த உள் கதிர்வீச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

திருவிழா, கல்யாணம், அறுவடை என்று நாள் விடாதீர்கள். காய்ச்சல், மெஷின் ரிப்பேர் என்று தவிர்க்க முடியாமல் ஓரிரு நாள் விட்டுப்போனால் டாக்டரிடம் பேசுங்கள். சனிக்கிழமை வரச் சொல்லியோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்தோ ஈடுகட்ட வழி இருக்கிறது.

பணமும் தங்கும் இடமும்தான் தடை என்றால், அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு இடமுண்டு. கேன்சர் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் தருவார்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரண்ட் வைத்துக்கொண்டு வருபவர் பக்கத்தில் குழந்தைகள் போகலாமா?

தாராளமாக! எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டவர் உடம்பில் எக்ஸ்-ரே தங்குவதில்லை அல்லவா? அதே போலத்தான். பேரன் மடியில் உட்காரலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம், தனித் தட்டு தேவையில்லை. தைராய்டு கேன்சருக்குக் குடிக்கக் கொடுக்கும் ரேடியோ அயோடின் மட்டும் வேறு. அதற்குச் சில நாள் தனியே இருக்கவேண்டும். விவரம் டாக்டர் சொல்வார்.

முடி கொட்டுமா?

கதிர் படும் இடத்தில் மட்டும் கொட்டும். மார்பில் வைத்தால் தலைமுடி போகாது. தாடையில் வைத்தால் அந்த இடத்துத் தாடி போகும்.

வயிற்றுப்போக்கு ஏன்?

அடிவயிற்றில் வைக்கும்போது குடலிலும் கொஞ்சம் கதிர் படும். அந்தச் சமயத்தில் கீரை, பச்சைக் காய்கறி, பொரித்தது, பால் குறைத்து, மோர் சாதம், இட்லி, உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். நிற்கவில்லை என்றால் மாத்திரை இருக்கிறது.

தாம்பத்தியம்?

கேன்சரும் ஒட்டாது, கதிரும் ஒட்டாது. கர்ப்பப்பை வாய்க்குச் சிகிச்சை நடக்கும்போது இடைவெளி தேவை. முடிந்த பிறகு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க 'டைலேட்டர்' என்ற கருவியை உபயோகிக்கச் சொல்லித் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தச் சிகிச்சையில் சினைப்பைகள் வேலையை நிறுத்திவிடும், மாதவிலக்கு நின்றுவிடும். குழந்தை வேண்டும் வயதில் இருப்பவர்கள், ஆண்களும்கூட, இது பற்றிச் சிகிச்சைக்கு முன்பே பேசவேண்டும்.

சத்து மாத்திரை, நாட்டு மருந்து?

டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். அதிக டோஸ் வைட்டமின் மாத்திரைகள் கதிரின் வேலையைக் கெடுக்கக்கூடும்.

முடிந்த பிறகு

ருசி மெல்ல மெல்லச் சில மாதங்களில் திரும்பும். வாய் உலர்வது நீண்ட நாள் இருக்கும். சிலருக்கு முழுவதும் போகாது. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தாடைத் தசை இறுகி வாய் திறப்பது குறையலாம். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்துத் திறக்கும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு, தினமும் விடாமல் செய்யவேண்டும். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை அவசியம். அடிவயிற்றில் வைத்தவர்களுக்கு மாதங்கள் கழித்து மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால் மூலம் என்று தாங்களே முடிவு செய்யாமல், சிகிச்சை தந்த டாக்டரிடமே காட்டவேண்டும்.

உடனே டாக்டரிடம் ஓடவேண்டியது எப்போது? 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காத நிலை, மூச்சுத் திணறல், வாயிலிருந்து ரத்தம், நிற்காத பேதி... இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி அட்டையைச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். முடிந்த நாள் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது வாரம் அவர், "போதும், என்னால முடியலை" என்று சொல்லும் நாள் வரும். அன்று அவரைத் திட்டவும் வேண்டாம், சேர்ந்து அழவும் வேண்டாம். "வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்லி மருந்து வாங்கிக்கலாம். ஆனா நாளைக்கும் போறோம்" என்று சொல்லி, மறுநாள் காலையில் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.